சீலியாக் நோய்: வடக்கே 117 பேரில் ஒருவர், தெற்கே 9 ஆயிரம் பேரில் ஒருவர்... இவ்வளவு வித்தியாசம் ஏன்?

"நைட்டுக்கு சோறு வேண்டாங்க, ரெண்டு சப்பாத்தி போதும்."

சுகர் இருக்கிற வீடு, எடையைக் குறைக்கணும்னு முடிவு பண்ணின வீடு, டாக்டரைப் பார்த்துட்டு வந்த வீடு... காரமடையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்த வார்த்தையைக் கேட்கலாம். கோதுமைன்னாலே நமக்கு உடம்புக்கு நல்லது, பத்தியத்துக்கு ஏத்தது என்ற எண்ணம்தான்.

ஆனால் சிலருக்கு அதே சப்பாத்தி சிறுகுடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். இதற்குப் பெயர் சீலியாக் நோய். பஞ்சாப், ஹரியானா, டெல்லி பக்கம் இந்தப் பெயர் ஓரளவு பழக்கமானது. கோவை பக்கம் சொன்னால், "அப்படின்னா என்னங்க?" என்ற கேள்விதான் வரும்.

அதில் தப்பில்லை. நம்ம பக்கம் இந்த நோய் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் 'குறைவு' என்பதால், வந்த சிலருக்கு அது என்னன்னே தெரியாமல் வருடக்கணக்கில் போய்விடுகிறது. குறைவாக இருப்பதற்கான காரணமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

சீலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுவையாக வருவதும், பரோட்டா மாஸ்டர் வீசும்போது கிழியாமல் விரிவதும் இந்தக் குளூட்டனால்தான்.

சீலியாக் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிட்டால், அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கும். சிறுகுடலின் உள்பக்கத்தில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் சாப்பாட்டில் இருக்கும் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கின்றன. அவை மழுங்கித் தட்டையாகிவிடும். அதற்கப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

தமிழில் இதைப் பல இடங்களில் 'கோதுமை ஒவ்வாமை' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் என்று உடனே தெரியும். சீலியாக் அப்படி இல்லை. இது தன்னுடல் தாக்கு நோய். இன்னைக்குச் சாப்பிட்ட பன்னுக்கு இன்னைக்கே எதுவும் தெரியாமல் போகலாம். சேதம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேரும். வேறு நல்ல தமிழ்ப் பெயர் பழக்கத்துக்கு வராததால் இந்தக் கட்டுரையில் சீலியாக் என்றே சொல்கிறோம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

உலக அளவில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2018-ல் வெளியானது. அதன்படி ரத்தப் பரிசோதனையில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் காணப்படுபவர்கள் 1.4 சதவீதம். குடல் திசுவை எடுத்துப் பார்த்து நோய் உறுதியானவர்கள் 0.7 சதவீதம். உறுதியான கணக்கில் ஐரோப்பாவும் ஓசியானியாவும் 0.8, ஆசியா 0.6, ஆப்பிரிக்கா 0.5, தென் அமெரிக்கா 0.4 சதவீதம்.

'ஆசியா 0.6' என்ற எண்ணை மட்டும் பார்த்தால் நமக்கு எதுவும் புரியாது. ஏன்னா இந்தியாவுக்குள்ளேயே மூணு இந்தியா இருக்கு.

அதைக் காட்டிய ஆய்வு 2016-ல் வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் நீண்ட காலம் பணியாற்றிய குடல்நோய் நிபுணர் பி.எஸ்.ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா உள்ளிட்டோர் சேர்ந்து நடத்தியது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில், நோயாளிகளாக இல்லாத 23 ஆயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தென்னிந்தியாவில் மட்டும் 8,973 பேர்.

கிடைத்த முடிவு இது. வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 8.53 பேர், அதாவது சுமார் 117 பேரில் ஒருவருக்கு சீலியாக். வடகிழக்கில் ஆயிரத்துக்கு 4.66, அதாவது சுமார் 215 பேரில் ஒருவர். தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு 0.11. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9 ஆயிரம் பேரில் ஒருவர்.

பெரியவர்கள் 30 ஆயிரம் பேர் இருக்கும் ஒரு ஊரை வைத்துப் பார்ப்போம். தெற்கத்திக் கணக்குப்படி அந்த ஊரில் சீலியாக் உள்ளவர்கள் மூணு பேர். வடக்கத்திக் கணக்கில் 250 பேருக்கு மேல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இவ்வளவு பயங்கரமாக இல்லை. வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. அதாவது தெற்கிலும் ஆயிரத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் அறிகுறி தெரிகிறது. நோய் உறுதியாவதில் 77 மடங்கு வித்தியாசம், எதிர்ப்பொருளில் 12 மடங்குதான். 9 ஆயிரத்தில் ஒருவர் என்ற எண்ணைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாமல், 'ஆயிரத்துக்கும் 9 ஆயிரத்துக்கும் நடுவில் எங்கேயோ' என்று புரிந்துகொள்வது பாதுகாப்பானது. எப்படிப் பார்த்தாலும் வடக்கைவிட ரொம்பக் குறைவு என்பதில் மாற்றமில்லை.

நம்ம மரபணு நம்மைக் காப்பாத்துதா?

"அது அவங்க உடம்பு வாகு, நமக்கு வராது" என்றுதான் முதலில் தோன்றும். ஆய்வாளர்களும் அதைத்தான் சோதித்தார்கள்.

சீலியாக் வருவதற்கு எச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்று கட்டாயம் வேண்டும். அநேகமாக எல்லா நோயாளிகளிடமும் இவற்றில் ஒன்று இருக்கும். இரண்டுமே இல்லாதவருக்கு சீலியாக் வர வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இந்த மரபணு வகைகள் வட இந்தியாவில் 38.1 சதவீதம் பேரிடம் இருந்தன. வடகிழக்கில் 31.4. தென்னிந்தியாவில்? 36.4 சதவீதம்.

வடக்குக்கும் தெற்குக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு! நம்மில் மூணு பேரில் ஒருத்தரிடம் அந்த மரபணு இருக்கிறது. பயப்பட வேண்டாம், மரபணு இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதே இல்லை. ஆனால் 'தமிழன் உடம்புக்கு வராது' என்று சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை.

அப்போ வித்தியாசம் எங்கே?

தட்டில்.

ஒரு நாளைக்கு ஒருவர் சராசரியாகச் சாப்பிடும் கோதுமை எவ்வளவு என்று அதே ஆய்வு கேட்டது. வட இந்தியாவில் 455 கிராம். வடகிழக்கில் 37. தென்னிந்தியாவில் 25 கிராம்.

455 கிராம் மாவு என்றால் சுமார் 15 சப்பாத்தி. 25 கிராம் என்றால் ஒரே ஒரு சப்பாத்தி. மரபணு என்ற வெடிமருந்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறது, தெற்கில் தீக்குச்சி கிடைக்கவில்லை. ஆய்வாளர்களின் வாதமும் ஏறக்குறைய இதுதான்.

கொங்கு நாட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் புரியும். ராகிக்களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு, சாமை, தினை. விசேஷ நாளில் அரிசிச் சோறு. அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, கொள்ளுப்பருப்பு. இதில் ஒன்றில்கூட குளூட்டன் கிடையாது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று பாக்கெட்டில் அச்சடித்து இன்னைக்கு விலை கூட்டி விற்பதை நம்ம அப்பத்தாக்கள் பேர் தெரியாமலேயே சாப்பிட்டார்கள். பண்டிகைக்குச் சுடும் ஒப்புட்டில் வேண்டுமானால் மைதா வரும்.

கோதுமை இந்தப் பக்கத்துக்கு அறவே தெரியாத பொருளும் இல்லை. காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால், வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமே இருக்கிறது. கோதுமை ரகங்கள்தான் அங்கே முக்கிய வேலை. நாட்டு ரகமான சம்பா கோதுமையும் பழையதுதான். ஆனால் அது கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் வந்த விருந்தாளி. தினசரிச் சோறாக இருந்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "சம்பா கோதுமையில் குளூட்டன் இல்லை, சீலியாக் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்" என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். தவறு. சம்பா கோதுமையிலும் குளூட்டன் இருக்கிறது.

கோதுமை மட்டும்தான் காரணமா?

இல்லை. இந்த ஆய்வுக்குள்ளேயே அதற்கு ஒரு முரண் இருக்கிறது. வடகிழக்கில் சாப்பிடும் கோதுமை 37 கிராம், நம்மைவிட வெறும் 12 கிராம்தான் அதிகம். ஆனால் நோய் நம்மைவிடச் சுமார் 42 மடங்கு அதிகம். கோதுமையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தால் இது நடக்காது. டிக்யூ2, டிக்யூ8 என்ற பொதுப்பெயருக்குள் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகள், குடலில் வாழும் கிருமிகள், சின்ன வயதில் வரும் தொற்றுகள் என்று பல விஷயங்களை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டில் இதைவிடத் தெளிவான ஒரு உதாரணம் உண்டு. பின்லாந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவில் இருக்கும் கரேலியாவும். இரண்டு பக்கத்து மக்களுக்கும் மரபணுவில் நிறைய ஒற்றுமை உண்டு, கோதுமையும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது பின்லாந்தில் 107 பேரில் ஒருவருக்கு சீலியாக், கரேலியாவில் 496 பேரில் ஒருவருக்கு. 2008-ல் வெளியான இந்த ஆய்வு, வாழும் சூழலுக்கும் சுகாதார நிலைக்கும் பங்கு இருக்கலாம் என்ற கேள்வியை எழுப்பியது.

பின்லாந்திலேயே 1980 வாக்கில் 1.05 சதவீதமாக இருந்தது, 2000 வாக்கில் 1.99 ஆனது. இருபதே வருடத்தில் மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது வேறு ஏதோ.

உலகிலேயே அதிகமாகப் பதிவானது எங்கே தெரியுமா? ஐரோப்பாவில் இல்லை. மேற்கு சஹாராவைச் சேர்ந்த சஹ்ராவி மக்களின் குழந்தைகளிடம். 1999-ல் வெளியான ஆய்வில் 5.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஒட்டகப் பாலும் பேரீச்சையும் சாப்பிட்டு வாழ்ந்த பாலைவன மக்கள், அகதி முகாம்களில் நிவாரணமாக வரும் கோதுமை மாவைத் தினசரி உணவாக்கிக்கொள்ள வேண்டி வந்தவர்கள். சாப்பாடு சட்டென்று மாறினால் என்ன ஆகும் என்று பேசும்போதெல்லாம் ஆய்வாளர்கள் இவர்களைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்த கதையும் சாப்பாடு மாறியதில்தான் தொடங்குகிறது.

சீலியாக் நோயைத் தெளிவாக விவரித்து 1888-ல் எழுதியவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ. சாப்பாட்டில்தான் மருந்து இருக்கிறது என்று ஊகித்தாலும், எந்தச் சாப்பாடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. 1924-ல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மகிமை என்று நம்பினார்கள். உண்மையில், வாழைப்பழம் சாப்பிட்ட நேரத்தில் ரொட்டி சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930களிலிருந்தே ரொட்டி மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் கிடக்க, டிக்கேயிடம் இருந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்ப வந்ததும் அவர்களுக்கு மறுபடியும் நோய் வந்தது. 1950-ல் தன் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை அவர் எழுதினார்.

நம்ம தட்டு மாறிக்கிட்டு இருக்கே!

25 கிராம் என்பது 2016-ல் வெளியான ஆய்வின் சராசரி. அதை வைத்துக்கொண்டு காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சுற்று வாருங்கள். பேக்கரியில் டீயோடு பன், பப்ஸ். ஊட்டி வர்க்கி. சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான். அந்தக் காளானில் மைதாவும் முட்டைகோஸும்தான் பெரும்பங்கு என்பது சாப்பிடுகிற எல்லாருக்குமே தெரியும். ராத்திரி பரோட்டா. ரெண்டு பரோட்டா சாப்பிட்டாலே அந்த 25 கிராமைத் தாண்டி எங்கேயோ போய்விடுவோம்.

வீட்டிலும் அப்படித்தான். ரவா உப்புமா, ரவா தோசை, சேமியா, கேசரி, நூடுல்ஸ், பிஸ்கட். இது எல்லாமே கோதுமைதான். ரவை கோதுமையிலிருந்து வருகிறது என்பதை யோசிக்காமலேயே "நாங்க கோதுமையே சாப்பிடறதில்லீங்க" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, அடுத்த வருடம் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலும் ரவா உப்புமா, சேமியா, கோதுமை ரவை உண்டு. பசியோடு வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு அந்தச் சூடான தட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த உப்புமாவைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. கோதுமை இப்போது ஒரு தமிழ்க் குழந்தையின் சாதாரண வாரத்துக்குள் வந்துவிட்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

சாப்பிடும் அளவு கூடினால் நோயும் கூடுமா? 2019-ல் வெளியான 'டெடி' ஆய்வு அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளில் மரபணு ரீதியாக வாய்ப்புள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. முதல் ஐந்து வயதுக்குள் அதிகக் குளூட்டன் சாப்பிட்ட குழந்தைகளுக்கு சீலியாக் வரும் ஆபத்து அதிகமாக இருந்தது. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் மரபணு மூணில் ஒருவரிடம் இருக்கும் ஊரில் இதைக் கவனிக்காமல் விடவும் முடியாது.

குறைவாக இருப்பதில் என்ன பிரச்சினை?

வடக்கே ஒரு குழந்தை வளராமல், வயிறு உப்பி, அடிக்கடி வயிற்றுப்போக்கோடு வந்தால் மருத்துவரின் மனதில் சீலியாக் சீக்கிரம் வந்துவிடும். இங்கே அது பட்டியலின் கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1960களில் வேலூர் வட்டாரக் கிராமங்களில் சத்து உறிஞ்சாமல் போகும் ஒரு நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியது. 'டிராபிகல் ஸ்ப்ரூ' என்று பெயர். செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் ஆகிய சி.எம்.சி. மருத்துவர்கள் அதை ஆராய்ந்தார்கள். தெற்கில் குடல் சத்தை உறிஞ்சவில்லை என்றால் முதலில் அந்த நோய், தொற்று, குடல் காசநோய் என்று யோசிப்பதுதான் வழக்கமாக இருந்தது. அது நியாயமும்கூட.

பெரிய சிக்கல் என்னவென்றால், சீலியாக் எப்போதும் வயிற்றுப்போக்கோடு வருவதில்லை. பலருக்கு ஒரே அறிகுறி ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் சீலியாக்கால் ரத்தம் குறைந்த ஒரு பெண் சுலபமாக மறைந்துபோவாள். "ரத்தம் கம்மியா இருக்குதுங்க, கீரையும் பேரீச்சம்பழமும் குடுங்க" என்ற அறிவுரை மற்ற எல்லாருக்கும் சரி. சிறுகுடல் மழுங்கிப்போன அந்த ஒருத்திக்கு மட்டும் கீரையும் ஒட்டாது, மாத்திரையும் ஒட்டாது.

கண்டுபிடிக்காமலே விட்டால் குழந்தைகள் குள்ளமாக நின்றுவிடலாம், பருவமடைவது தள்ளிப்போகலாம். பெரியவர்களுக்கு எலும்பு பலவீனம், குழந்தையின்மை, அடிக்கடி கருக்கலைதல் வரலாம். அரிதாகச் சிறுகுடலில் ஒரு வகைப் புற்றுநோயும் வரும்.

கோவைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள்

இந்தக் கணக்கில் பேசப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது. கோவை மாவட்டத்தில் மில், பவுண்டரி, கட்டட வேலை, ஓட்டல் என்று எங்கே போனாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆட்கள். பலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள், குழந்தைகள் இங்கேயே பள்ளிக்குப் போகிறார்கள்.

இவர்களில் கோதுமை தின்னும் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்குப் பொருந்துவது நம்ம 9 ஆயிரத்தில் ஒருவர் கணக்கு இல்லை. ஊர் மாறினாலும் மரபணுவும் சப்பாத்தியும் கூடவே வரும். வட இந்தியர்கள் 500 பேர் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொண்டால், வடக்கத்தி விகிதத்தில் அங்கே நாலு பேருக்கு சீலியாக் இருக்கலாம். நம்ம ஊர் மொத்தத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட இது அதிகம்! பிரிட்டனின் லெஸ்டர் நகரில் 1990களில் இதே மாதிரிதான் தெரிய வந்தது. அங்கே குடியேறிய பஞ்சாபியர்களிடம், உள்ளூர் ஐரோப்பியர்களைவிட சீலியாக் அதிகமாகப் பதிவானது.

மொழி தெரியாமல், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற பயத்தில், மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யார் கேட்பது?

யார் டெஸ்ட் எடுக்கணும்?

எல்லாரும் எடுக்க வேண்டியதில்லை. காரணமே தெரியாமல் ரத்தசோகை தொடர்கிறது, வயிற்றுப்போக்கோ வயிற்று உப்பசமோ மாதக்கணக்கில் விடவில்லை, குழந்தையின் உயரமும் எடையும் நின்றுவிட்டது என்றால் மருத்துவரிடம் கேட்கலாம். டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு தன்னுடல் தாக்கு நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வீட்டில் ஒருவருக்கு சீலியாக் உறுதியானால், அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு நோய் இருக்கலாம்.

முதல் படி ஒரு ரத்தப் பரிசோதனை. டி.டி.ஜி. ஐஜிஏ என்று பெயர். அதில் அறிகுறி தெரிந்தால், எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

பலர் தப்பு செய்யும் இடம் இதுதான்: டெஸ்ட்டுக்கு முன்னால் கோதுமையை நிறுத்தக் கூடாது. யூடியூப் பார்த்துவிட்டு மூணு மாசம் கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுத்தால், நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். அப்புறம் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும்.

நோய் இல்லாதவர்கள் ஃபேஷனுக்காகக் குளூட்டனைத் தவிர்ப்பதால் சீலியாக் சம்பந்தமாக ஒரு நன்மையும் இல்லை. பர்ஸ் இளைக்கும், அவ்வளவுதான்.

கைக்குழந்தைக்குக் கோதுமையைத் தள்ளிப்போட்டால் நோய் வராதா என்று இளம் பெற்றோர் கேட்பதுண்டு. இதற்காகவே ஐரோப்பாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-ல் வெளியாயின. ஆரம்பிக்கும் மாதத்தை மாற்றுவதால் நோயைத் தடுக்க முடியவில்லை.

நோய் உறுதியானால் நம்ம சமையலில் என்ன செய்யணும்?

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. அது ஒன்றுதான் சிகிச்சை. குடல் மெதுவாகப் பழைய நிலைக்கு வரும்.

லூதியானாவில் இருப்பவருக்கு இது வாழ்க்கையையே புரட்டிப்போடும் விஷயம். இட்லி, தோசை, சந்தகை, களி இருக்கும் வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரி. மீதிப் பாதிதான் கஷ்டம், ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாது.

முதலில் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அப்படியானால் சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கோதுமை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்கணும். சோயா சாஸ், பாலில் கலக்கும் மால்ட் பவுடர் இரண்டையும் அப்படியே பாருங்கள். பார்லி மால்ட்டிலும் குளூட்டன் உண்டு. 'ராகி பிஸ்கட்', 'மல்டிகிரெய்ன்' என்று முன்னால் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்னால் பொடி எழுத்தில் கோதுமை மாவு இருக்கும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால், ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி.

அடுத்து, மாவு மில். இது நம்ம ஊருக்கே உரிய சிக்கல். வீட்டில் காயவைத்து எடுத்துப்போன சுத்தமான ராகியை, முன்னாடி ஆள் கோதுமை அரைத்த அதே மிஷினில் கொட்டினால், வரும் மாவில் கோதுமையும் வரும். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேத்து அரைத்த மாவு உள்ளே ஒட்டியிருக்கும். வீட்டிலேயே மிக்ஸியில் அரைப்பது, அல்லது இதற்கென்றே ஒரு சின்ன அரவை மிஷின் வைத்துக்கொள்வதுதான் வழி. சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை ஊற்றக் கூடாது, தனிக் கல் வேண்டும். எண்ணெயும் அப்படித்தான், பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது.

பள்ளிக்குப் போகும் குழந்தையாக இருந்தால், வகுப்பு ஆசிரியரிடமும் சமையல் செய்பவரிடமும் போய் நேரில் சொல்லிவிடுங்கள். பொங்கல் போடும் நாளில் பெருங்காயம் என்ன என்று கேளுங்கள். உப்புமா நாளில் டிபன் பாக்ஸில் இட்லி கொடுத்து அனுப்புங்கள். பிறந்தநாள் கேக் வகுப்புக்கு வரும் நாளுக்காக, பையில் ஒரு கடலை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.